இங்கே 230 வோல்ட் என்கிறார்கள், என் மீட்டர் 246 காட்டுகிறது

லெஸ்டர்_குமரன் | ஞாயிறு இரவு 10:40

அப்பாவின் வால்வு ரேடியோவை இந்த முறை காரைக்குடியிலிருந்து பிரிட்டனுக்குக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐரோப்பியத் தயாரிப்பு, மரப்பெட்டி, கடைசியாகப் பாடி இருபது வருடமாவது இருக்கும். பின்பலகையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமான செருகி ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி 110, 125, 145, 200, 220, 245 என்று எண்கள். அம்புக்குறி 220இல் நிற்கிறது.

இங்கே 230 வோல்ட்தானே, பத்து வோல்ட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று செருகப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 246. காலையில் ஏழு மணிக்கு மறுபடி பார்த்தால் 241. வீட்டுக்காரரைக் கேட்டால் இந்த நாட்டில் 230 என்கிறார், இணையத்தில் எங்கே தேடினாலும் 230 என்றே இருக்கிறது. சமையலறைக் கெட்டிலின் அடியில் 220–240 வோல்ட், 2520–3000 வாட் என்று அச்சடித்திருக்கிறது. மீட்டர் தப்பா, சாக்கெட் தப்பா, 230 என்கிற எண்ணே தப்பா? ரேடியோவைப் போடலாமா கூடாதா?

குரோய்டன்_வயரிங் | ஞாயிறு இரவு 11:25

தம்பி, மூன்றில் எதுவும் தப்பில்லை. ரேடியோவை மட்டும் இப்போதைக்குப் போடாதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

நான் இங்கே வயரிங் வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போய் மீட்டரை வைத்தாலும் பெரும்பாலும் 240ஐ ஒட்டித்தான் வரும். இந்த நாடு 240 வோல்ட் நாடாக இருந்தது, ஐரோப்பாக் கண்டத்தில் பெரும்பகுதி 220 வோல்ட்டாக இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சாமான் விற்க வேண்டும் என்றால் ஒரு பொது எண் வேண்டும், அதனால் நடுவில் இருக்கிற 230ஐ எடுத்துக்கொண்டார்கள். இங்கே 1995 ஜனவரி 1 முதல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

எப்படி மாற்றினார்கள் என்பதுதான் விஷயம். அதற்கு முன்னால் இங்கே 240, கூட ஆறு சதவீதம் குறைய ஆறு சதவீதம், அதாவது 225.6 முதல் 254.4 வரை. மாற்றிய பிறகு 230, கூட பத்து சதவீதம் குறைய ஆறு சதவீதம், அதாவது 216.2 முதல் 253 வரை. மேல் எல்லை இறங்கியது வெறும் 1.4 வோல்ட், கீழ் எல்லை 9.4 வோல்ட் இறங்கியது. ஏற்கெனவே 242இல் ஓடிக்கொண்டிருந்த தெரு புதிய விதிக்குள்ளும் சரியாக உட்கார்ந்துவிட்டது, அதனால் அதற்காக யாரும் டிரான்ஸ்பார்மரில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் கண்டத்தில் இதையே திருப்பிப் போட்டார்கள்: 230, கூட ஆறு, குறைய பத்து, அதாவது 207 முதல் 243.8 வரை. 220இல் ஓடிய ஊர்கள் அதற்குள் அடங்கின. பிறகு எல்லாரும் கூட பத்து குறைய பத்து என்று ஒரே அகலத்துக்கு வருவதாக ஏற்பாடு. அது தள்ளித் தள்ளிப் போய், பிரிட்டன் சட்டத்தில் இன்றைக்கும் கூட பத்து குறைய ஆறுதான்.

உங்கள் 246 சட்டத்துக்கு உட்பட்ட 246. ஆனால் செருகி 220இல் நிற்கிற ரேடியோவுக்கு அது அதிகம். கெட்டிலில் இருக்கும் இரண்டு எண்களும் அதே கதைதான். 240இல் 3000 வாட் இழுக்கிற சுருள் 220இல் 2520 வாட் இழுக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பொள்ளாச்சி_தோப்பு | திங்கள் காலை 6:05

246க்கே இவ்வளவு யோசனையா தம்பி. எங்கள் தோப்பு லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. மோட்டார் ரூமில் பழைய முள் மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன், மூன்று ஃபேஸுக்கும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். விடியற்காலை நாலரைக்குப் போனால் முள் 430இல் நிற்கும். பத்து மணிக்குச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் மோட்டார் போட்ட பிறகு 350க்கு வரும், சித்திரை வைகாசியில் 340. மோட்டார் தகட்டில் 415 என்று வெட்டியிருக்கிறது. நாள் முழுக்கப் பார்த்தாலும் முள் 415இல் நிற்பது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகும் வழியில்தான்.

340இல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் மோட்டார் உறுமும், கிளம்பாது. மெக்கானிக் சொல்லித்தான் தெரியும், இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்குமாம். 415க்கு 340 என்றால் மூன்றில் இரண்டு பங்கு இழுவைதான் மிச்சம். கரண்ட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்படி எரிந்து இரண்டு காயில் (மோட்டார் கம்பிச் சுற்று) மறுபடி கட்டியிருக்கிறேன். இப்போது முள் 380க்குக் கீழே இருந்தால் பொத்தானைத் தொடுவதில்லை.

குரோய்டன்_வயரிங் | திங்கள் காலை 8:10

அண்ணே, உங்கள் 430க்கும் குமரன் தம்பியின் 246க்கும் வேர் ஒன்றுதான். நம் ஊரிலும் இங்கேயும் தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக்குகிற மாதிரிச் சுற்றியது. தகட்டில் 433 என்றே இருக்கும், கம்பத்தடியில் நின்று பார்த்தால் படிக்கலாம். 433 என்பது ஃபேஸுக்கு ஃபேஸ். அதை 1.732ஆல் வகுத்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 250 வருகிறது. சுமையே இல்லாத நேரத்தில் டிரான்ஸ்பார்மர் வாயில் 250. அங்கிருந்து கம்பி வழியே போகப் போக இறங்கும், ஆள் கூடினால் இன்னும் இறங்கும். கடைசிக் கம்பத்துக்காரருக்கும் கீழ் எல்லைக்குள் கிடைக்க வேண்டும் என்று முதல் கம்பத்தில் தூக்கி வைக்கிறார்கள். 230 என்றோ 240 என்றோ சொல்வது அந்தச் சரிவின் மொத்தத்துக்கும் வைத்த பெயர். பெயரளவு மின்னழுத்தம் என்று பாடப்புத்தகத்தில் எழுதுவார்களே, அந்தச் சொல் மிகச் சரியான சொல்.

நம் ஊரில் பெட்டியில் 230 என்று அச்சடிக்கிறார்கள், தொழிலில் 240, 415 என்று பேசிப் பழக்கம். 1956ஆம் வருட விதியில் கூட ஆறு குறைய ஆறு என்று வைத்தார்கள். 240ஐ வைத்துக் கணக்குப் போட்டால் மேல் எல்லை 254.4, 230ஐ வைத்தால் 243.8. ஒரே சாக்கெட்டில் 248 வந்தால் ஒரு கணக்கில் சரி, இன்னொன்றில் தப்பு. பெயரை மாற்றும்போது கூடவே சதவீதத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தம்மாம்_பாஷா | திங்கள் மதியம் 1:30

குமரன் தம்பி ரேடியோவைப் போடாமல் அளந்து பார்த்தது நல்ல காரியம், நான் அளக்காமல் போட்டவன். சவுதியில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். அங்கே வெகு காலம் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 127, இரண்டு ஃபேஸுக்கு நடுவே 220, அதுவும் 60 ஹெர்ட்ஸ். எங்கள் அறையில் விளக்கும் டிவியும் 127இல், ஏசி 220இல். 2010இல் அரசாங்கம் 230/400க்கு மாறுவதாக முடிவெடுத்தது, ஒரே நாளில் மாறுகிற காரியமா அது, புதுக் கட்டடங்களில் வந்தது, பழையவற்றில் பழசு ஓடியது.

ஊருக்குத் திரும்பும்போது நல்ல கனமான டேபிள் ஃபேன் ஒன்று கொண்டுவந்தேன், தகட்டில் 220 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். 220 இருக்கிறது, நம் ஊருக்குச் சரியாகப் போகும் என்று நினைத்தேன். மெதுவாகச் சுற்றியது. அரை மணி நேரத்தில் பின்பக்க மூடியில் கை வைக்க முடியவில்லை, வார்னிஷ் வாசம். ஒரு வாரத்தில் எரிந்துவிட்டது. அதற்குக் காரணம் வோல்டேஜ் மட்டுமா, ஹெர்ட்ஸா?

குரோய்டன்_வயரிங் | திங்கள் மாலை 6:45

இரண்டும் சேர்ந்துதான் பாய். இரும்புக்குள் ஓடும் காந்தப்புலம் வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்த அளவைப் பொறுத்தது. சவுதியில் 220ஐ 60ஆல் வகுத்தால் 3.67. நம் ஊரில் சாக்கெட்டில் 240 இருந்திருந்தால் 50ஆல் வகுக்க 4.8. முப்பது சதவீதம் அதிகம். இரும்பு அதற்கு மேல் தாங்காமல் தெவிட்டிவிடும், காயில் வெறுமனே கரண்டைக் குடித்துச் சூடாகும். ஃபேன் மெதுவாக ஓடியதால் தன்னைத்தானே குளிர்விக்கிற காற்றும் குறைவு.

டல்லாஸ்_ரவி | திங்கள் இரவு 9:20

அமெரிக்காவில் இதை எழுதி வைத்தே பிரித்திருக்கிறார்கள். மின்கம்பெனி தருவதாகச் சொல்வது 120, வீட்டு வாசலில் 114 முதல் 126 வரை இருக்கலாம். மோட்டார் தகட்டில் 115 என்று போடுவார்கள். தருவது 480, தகட்டில் 460. வழியில் கம்பியில் போகிற நஷ்டத்தை முன்கூட்டியே கழித்துவிட்டு மோட்டார் செய்கிறார்கள். தகட்டில் அச்சடித்ததில் தவறு என்று நான் முதலில் நினைத்தேன், பிறகுதான் ஒரு பெரியவர் விளக்கினார். இன்னும் பலர் வாயில் 110 என்றே வரும், அது எடிசன் 1882இல் நியூயார்க்கில் கொடுத்த 110இன் மிச்சம்.

இன்னொன்று, தனி வீட்டில் அடுப்புக்கு 240 கிடைக்கும். பெரிய அடுக்குமாடியில் மூன்று ஃபேஸ் எடுத்துப் பிரித்துக் கொடுத்தால் 208தான், 120ஐ 1.732ஆல் பெருக்கிப் பாருங்கள். 240க்குச் செய்த மின் அடுப்பு 208இல் முக்கால் பங்கு சூடுதான் தரும். நாங்கள் அடுக்குமாடியில் இருந்த இரண்டு வருடமும் என் மனைவி அடுப்பைத்தான் குறை சொன்னாள்.

யாழ்_சுதன் | செவ்வாய் காலை 7:15

இலங்கையில 230, கூடக்குறைய ஆறு வீதம். யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டில பின்னேரத்தில 225, நடுச்சாமத்தில 240 காட்டும், பிரச்சினை இல்லை. எனக்கொரு சந்தேகம் அண்ணை. வோல்டேஜ் கூட இருந்தால் பில்லும் கூட வருமோ? இங்கே ஒருவர் சாக்கெட்டில செருகுகிற பெட்டி ஒன்று விற்கிறார், வோல்டேஜைக் குறைச்சு பில்லைக் குறைக்கும் என்று. வாங்கலாமோ?

குரோய்டன்_வயரிங் | செவ்வாய் காலை 8:30

வாங்க வேண்டாம் தம்பி. காசை வீணாக்காதீர்கள்.

கெட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.093 யூனிட் வேண்டும், அது தண்ணீரின் தேவை. 240இல் 3000 வாட், 112 நொடியில் கொதிக்கும். 230இல் அதே சுருள் 2755 வாட்தான், 122 நொடி ஆகும். பத்து நொடி தாமதம், யூனிட் ஒன்றுதான். செல்போன் சார்ஜர், லேப்டாப், டிவி எல்லாம் வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டி எடுத்துக்கொள்ளும், வாட் மாறாது. இழை பல்பு இருந்த காலத்தில் வித்தியாசம் உண்டு: வோல்டேஜைக் குறைத்தால் வாட் குறையும், வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறையும், ஆயுள் பல மடங்கு கூடும். எல்இடி வந்த பிறகு அந்தப் பேச்சுக்கும் இடமில்லை.

தெரு முழுக்க 250ஐத் தாண்டி நிற்கிறது என்றால் அது வேறு விஷயம். அதற்கு எழுதிக் கொடுத்து டிரான்ஸ்பார்மரில் டேப்பை, அதாவது வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கிற இணைப்பை, ஒரு படி மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டரை சதவீதம் இறங்கும், உங்களுக்குச் செலவே இல்லை.

பிரிஸ்பேன்_சோலார் | செவ்வாய் காலை 11:50

அந்தக் கடைசி வரியை எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் கதவிலும் ஒட்ட வேண்டும் போலிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2000இலேயே தரத்தில் 230 என்று எழுதிவிட்டார்கள், குயின்ஸ்லாந்து சட்டப்படி மாறியது 2018இல்தான். ஆனால் வலை அமைத்தது 240க்கு. கூரையில் சோலார் இல்லாத காலத்தில் யாருக்கும் இது தெரிந்ததே இல்லை.

இன்வர்ட்டர் மின்சாரத்தைத் தெருவுக்குள் தள்ள வேண்டுமென்றால் தெருவைவிடக் கொஞ்சம் உயரத்தில் நிற்க வேண்டும். என்னுடையது 5 கிலோவாட், உச்சியில் 21 ஆம்பியர். வீட்டிலிருந்து கம்பம் வரை உள்ள கம்பியில் 0.3 ஓம் இருந்தால் அதிலேயே 6 வோல்ட் ஏறும். தெருவில் ஏற்கெனவே 248, பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளுகிறார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு இன்வர்ட்டர் திரையில் 251, 254, 257 என்று ஏறுவதைக் கராஜில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடச் சராசரி 258ஐத் தாண்டியதும் ரிலே படக்கென்று விழும். வெயில் கொளுத்துகிற நேரத்தில் திரையில் பூஜ்யம். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எழும்பும், மறுபடி விழும்.

எட்டு மாதம் எழுதினேன். பகிர்மான நிறுவனம் முதலில் உங்கள் இன்வர்ட்டர் கோளாறு என்றது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வோல்டேஜைப் பதிவு செய்து, மூன்று வாரத் தாளை அனுப்பிய பிறகுதான் ஆள் வந்து டேப்பை இறக்கினார்கள். இப்போது மத்தியானம் 246. ஆக, 240க்கும் 230க்கும் பெயரில்தான் வித்தியாசம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். டிரான்ஸ்பார்மரை 230க்கு இறக்கி வைத்திருந்தால் எட்டு மாத வெயில் எனக்கு நஷ்டமாகியிருக்காது.

ஈப்போ_மாலா | செவ்வாய் பிற்பகல் 3:05

மலேசியாவிலும் 2008 ஜனவரி 1இல் 240ஐ 230 என்றார்கள், கூட பத்து குறைய ஆறு. எங்கள் வீட்டுச் சாக்கெட்டில் அதற்கு முன்னும் பின்னும் ஒரே எண்தான், 243 பக்கம். பிரிஸ்பேன் அண்ணன் சொல்வது சரி, இங்கேயும் கூரைக்குக் கூரை சோலார் வருகிறது.

குரோய்டன்_வயரிங் | செவ்வாய் மாலை 7:00

பிரிஸ்பேன் சார், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் 1995ஐப் பற்றிச் சொல்லும்போது அது காகித மாற்றம், யாருக்கும் தொந்தரவில்லை என்கிற தொனியில் எழுதிவிட்டேன். மேலே இடம் விடாமல் 245லேயே நிற்கிற வலை, வீடுகள் மின்சாரத்தை வாங்கிக்கொண்டே இருக்கிற வரைக்கும்தான் சரியாக இருக்கும். இப்போது வீடுகள் திருப்பித் தருகின்றன. இங்கேயும் நண்பகலில் 250ஐத் தொடுகிற தெருக்களைப் பார்க்கிறேன்.

அளவீடு பற்றி நீங்கள் சொன்னதும் முக்கியம். ஐரோப்பியத் தரத்தில் நொடிக்கு நொடி பார்ப்பதில்லை, பத்து நிமிடச் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். ஒரு வாரத்தில் அந்தச் சராசரிகளில் 95 சதவீதம் கூட பத்து குறைய பத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மீட்டரை ஒரு முறை செருகிப் பார்த்துவிட்டுப் புகார் எழுதினால் நிற்காது. மலிவு மீட்டர் ஒரு சதவீதம் தப்பாகக் காட்டினாலே இரண்டரை வோல்ட் போய்விடும்.

வால்வு_வாத்தியார் | செவ்வாய் இரவு 10:15

எல்லாரும் தெருவையே பேசுகிறீர்கள், பையன் கேட்டது ரேடியோவை. குமரன், பின்பலகையைத் திறந்து பாருங்கள், பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு. உள்ளே இரும்புத் தகடு அடுக்கிய கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா? இருந்தால் நல்லது. இல்லாமல் வால்வுகள் வரிசையாக இணைந்த வகை என்றால் சேசிஸே (உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம்) ஷாக் அடிக்கும், தொட வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்பார்மர் இருந்தால் கணக்கு எளிது. வால்வு ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும், பத்து சதவீதம் கூடினால் தாங்கும், அதாவது 6.9 வரை. செருகி 220இல் இருக்கும்போது 246 கொடுத்தால் ஹீட்டருக்கு 7.04 போகும். பாடும், ஆனால் வால்வின் ஆயுளைத் தின்றுவிடும். வால்வுகளுக்குப் போகிற உயரழுத்தமும் (இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருப்பது) அதே அளவு ஏறும், பழைய காகிதக் கெபாசிட்டர்கள் ஒவ்வொன்றாகப் போகும். செருகியை 245க்கு மாற்றுங்கள். அதற்காகத்தான் அந்த எண்ணை அங்கே போட்டிருக்கிறார்கள்.

மாற்றியதும் நேராக மெயினில் செருகாதீர்கள். கெபாசிட்டர்களை முதலில் பார்க்க வேண்டும், பிறகு வேரியாக்கில், அதாவது குமிழைத் திருப்பி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்பார்மரில், மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு கேள்வி: அந்தச் செருகியைச் சுற்றி எந்த எண்ணுக்குப் பக்கத்தில் பலகை தேய்ந்திருக்கிறது?

லெஸ்டர்_குமரன் | அடுத்த செவ்வாய் இரவு 9:50

எல்லாருக்கும் நன்றி. பிளக்கில் செருகும் பதிவு மீட்டர் ஒன்று வாங்கி ஒரு வாரம் ஓடவிட்டேன். பத்து நிமிடச் சராசரியில் மிகக் குறைவு 238.6, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, தெருவே சமைக்கிற நேரம். மிக அதிகம் 249.1, விடியற்காலை மூன்றரைக்கு. வாரம் முழுக்க ஒரு முறைகூட 230ஐத் தொடவில்லை. 253ஐயும் தாண்டவில்லை.

வாத்தியார் சார், உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. நீங்கள் கேட்ட தேய்மானம் 220இல் கொஞ்சம்தான். 200க்குப் பக்கத்தில்தான் பலகையில் வண்ணமே போயிருக்கிறது, நகம் பட்டுப் பட்டு. எனக்கு முதலில் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் பல்பு மஞ்சளாகிவிடும், ரேடியோ சத்தமும் இறங்கிவிடும். அப்பா கடையிலிருந்து வந்ததும் ரேடியோவை அணைத்து, பின்னால் கையை விட்டு 200க்குத் திருப்பிவிட்டு மறுபடி போடுவாராம். படுக்கப் போகும் முன் 220க்குத் திருப்பிவிட வேண்டும், ஒரு நாள் மறந்து காலையில் வால்வு ஒன்று போய், அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. அவரிடம் மீட்டர் எதுவும் இருந்ததில்லை. பல்பின் நிறத்தைப் பார்த்துத்தான்.

குரோய்டன் அண்ணன் சனிக்கிழமை வேரியாக்கோடு நேரில் வந்தார். கெபாசிட்டர் நான்கு மாற்றினோம். செருகியை 245இல் வைத்து, 50 வோல்ட்டிலிருந்து ஒரு மணி நேரம் எடுத்து ஏற்றினோம். மெயின் 244 இருக்கும்போது ஹீட்டர் முனையில் 6.27.

வால்வு_வாத்தியார் | அடுத்த செவ்வாய் இரவு 10:05

6.27 நன்றாக இருக்கிறது. உயரழுத்தம் எவ்வளவு வந்தது? மத்திய அலையில் இரவில் ஏதாவது நிலையம் கிடைக்கிறதா?

லெஸ்டர்_குமரன் | அடுத்த செவ்வாய் இரவு 10:20

உயரழுத்தம் 252. பிரெஞ்சு மாதிரி ஒன்று கேட்கிறது, இரைச்சலோடு. ஒரு மணி நேரமாக ஓடுகிறது, டிரான்ஸ்பார்மரில் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான்.